அறுபத்தோரு இல்லைகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக வந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு பகல், திருப்பதியிலுள்ள ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றிலிருந்து அருள்குமார் என்பவர் போன் செய்தார். (அலுவலகத்தைத் தேட வேண்டாம். அதை நான்தான் கற்பனையில் கட்டினேன். பின்னால் வரும் ஓடையின் பெயரும் நான் வைத்ததுதான்.) பழைய நோட்டு ஒன்றில் தமிழில் சில குறிப்புகள் இருக்கின்றன, அவற்றைத் தெலுங்கில் பெயர்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், மொத்தம் அறுபத்தோரு வரிகள் என்றார்.

"உங்களுக்கே ரெண்டு மொழியும் தெரியும்போல இருக்கே. நீங்களே செஞ்சிடலாமே?"

"நான் செய்யக் கூடாது சார். அதுல நானும் இருக்கேன்" என்றார்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். நோட்டின் நகல் வந்தது. அறுபத்தோரு வரிகளையும் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெயர்க்க ஐந்து வாரம் ஆயிற்று.

2

எப்படித் தொடங்குவது என்பதில் நான் பட்ட பாட்டை மறைக்கப் போவதில்லை.

"நெல்லி ஓடையில் அன்று தண்ணீர் கண்ணாடி போல—" வேண்டாம். ஓடைத் தண்ணீரை நான் பார்த்ததில்லை.

"காடு எவ்வளவு நீரைக் குடிக்கிறது, எவ்வளவு நீரை விட்டுவைக்கிறது என்பதை வரைபடத்தில் காட்ட முடியுமா என்றால்—" இது கட்டுரை. இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள்.

"வெதுருகுப்பத்துக்கு மேற்கே மலைச்சரிவில் தைலமரக் கன்றுகள் நட்ட மறு வருடம், அருள்குமாருக்கு ஓடையில் தண்ணீர் அளக்கும் வேலை கிடைத்தது."

இது இருக்கட்டும்.

(ஒரு சிக்கல். அன்றைய அருள்குமாருக்கு வயது இருபத்துமூன்று, இன்றைக்கு ஐம்பத்தொன்று. இளையவரை அவன் என்றும் மூத்தவரை அவர் என்றும் எழுதப் போகிறேன். அவனோடு சேர்ந்து அளந்த பிரமிளாவுக்கும் அப்படியே.)

3

அருள்குமார் ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊர்க்காரன். வீட்டில் தறிச் சத்தம். பி.எஸ்சி. முடித்துவிட்டு அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்க ஏதாவது ஒரு வேலை தேடிக்கொண்டிருந்தான். பிரமிளா மலையடியில் நிலமுள்ள தமிழ்க் குடும்பத்துப் பெண். கன்று நடும்போது கூடை சுமந்து மலையேறியவர்களில் பத்தாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான், அதனால் அளக்கும் வேலைக்கு அவளையும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இவ்வளவுதான். ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவு சிமெண்டுச் சுவர். நடுவில் 'வி' எழுத்துப் போல ஒரு வெட்டு, அதில் இரும்புத் தகடு. பக்கத்தில் சென்டிமீட்டர் போட்ட ஸ்கேல். காலை எட்டு மணிக்கு அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்து, சுவருக்கு மேலே ஏற்றத்தில் இருந்த தகரக் கொட்டகையில் நோட்டில் எழுத வேண்டும். அந்த உயரத்தை வைத்து ஓடையில் எவ்வளவு நீர் வருகிறது என்று கணக்கிட்டுவிடலாம். வனத்துறைக்காரர்கள் அதை ஸ்டேஷன் என்றார்கள். மரம் வளர வளர ஓடை என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கான ஸ்டேஷன்.

ஒற்றைப்படைத் தேதிகள் பிரமிளாவுக்கு, இரட்டைப்படை அருள்குமாருக்கு. ஆகவே இருவரும் சந்திக்க வழியில்லை. ஆனால் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது, 'குறிப்பு' என்று.

முதல் மாதம் அவள் எழுதினாள்: "ஸ்கேலில் பாசி. தேய்த்துவிட்டேன்."

மறுநாள் அவன்: "தேய்த்தது தெரிகிறது. நன்றி."

பிறகு: "மேல் பாதையில் கரடித் தடம். சத்தம் போட்டுக்கொண்டே வரவும்." "பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். கரடி ஓடியிருக்கும்." "பாறை இடுக்கில் சீதாப்பழம் வைத்திருக்கிறேன். எறும்பு வருமுன் எடுக்கவும்." "எறும்பு முந்திக்கொண்டது. ஆனாலும் பாதி தின்றேன்."

மாதம் ஒருமுறை வரும் மேற்பார்வையாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதெல்லாம் என்ன என்று கேட்டார். தண்ணீரின் நிறம், கலங்கல் பற்றிய விவரம் சார் என்று பிரமிளா அவருக்குத் தெலுங்கில் சொன்னாள். இவ்வளவு அக்கறையா என்று பாராட்டிவிட்டுப் போனார்.

முப்பத்தொன்றாம் தேதி வரும் மாதங்களில் அதுவும் மறுநாள் ஒன்றாம் தேதியும் அவள் முறையாகவே வந்துவிடும். அது நியாயமில்லை என்று அருள்குமார் அந்த ஒன்றாம் தேதிகளில் தானும் மலையேறினான். அளக்க ஐந்து நிமிடம். இறங்கும்போது மதியம் ஆகிவிடும்.

தன் வாழ்க்கையில் திரும்பக் கிடைத்தால் போதும் என்று அருள்குமார் நினைப்பது அந்த மூன்று வருடங்களைத்தான். இதை அவர் என்னிடம் சொல்லும்போது அலுவலக கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். தோசை ஆறிப்போயிருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு அருள்குமார் மேல் சந்தேகம் வந்தது. அவ்வளவு பிடித்திருந்தால் ஏன் போனீர்கள்?

1999 தை மாதம் சித்தூரில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் பயிற்சியில் இடம் கிடைத்தது. புறப்படும் முன் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

"மூணே மாசம். வந்துடுவேன். அதுவரைக்கும் ஸ்டேஷன மட்டும் மூட உட்டுடாத. ஓட நின்னுபோச்சுன்னு எழுதினா மூடிடுவாங்க, சார் சொல்லிக்கினு இருந்தாரு."

"ரெட்டப்பட நாளும் நானே ஏறணுமா?"

"ஏறேன். எனக்காக."

பயிற்சி முடிந்தது. திருப்பதியில் வேலை கிடைத்தது. முதல் மாதம் லீவு தரவில்லை. அப்புறம் வீட்டில் பெண் பார்த்தார்கள். அப்புறம் போவதற்கு வெட்கமாக இருந்தது.

(கதைக்கு வசதியாக ஒரு காரணம் கொடுக்க நினைத்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கடிதம் தொலைந்துவிட்டது என்பது போல. எழுதியும் பார்த்தேன். அருள்குமார் படித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்ல சார். போவல. அவ்ளோதான்" என்றார். அடித்துவிட்டேன்.)

அந்த வருடம் புரட்டாசியில் ஸ்டேஷனை எப்படியும் மூடிவிட்டார்கள். நோட்டுகள் ஏதோ ஒரு பீரோவுக்குப் போயின.

5

இருபத்தைந்து வருடம் கழித்து அவை அருள்குமார் மேஜைக்கே வந்தன.

இப்போது அவர் வேலை வரைபடம் போடுவது. மலையில் மரத்தை எப்படி வளர்க்கிறார்கள், எப்போது வெட்டுகிறார்கள், எவ்வளவு நெருக்கமாக விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஓடைக்கு எவ்வளவு நீர் வருகிறது என்று கணித்து, கூடுதலாக வரும் இடத்துக்கு நீலமும் குறையும் இடத்துக்குப் பழுப்பும் பூசுவது. அந்தக் கணக்கு முறை எங்கோ குளிர் நாட்டில் பைன் காடுகளுக்காக உண்டானது. பைனை எடுத்துவிட்டுத் தைலமரத்தை வைத்து, நம் மழைக்கும் நம் மண்ணுக்கும் ஏற்ப அதைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு யாராவது உண்மையில் அளந்து எழுதிய எண்கள் வேண்டும். அந்தப் பக்கத்து மலைகளில் அப்படி அளந்தவர்கள் இரண்டே பேர்.

நெல்லி ஓடை மலையில் தைலமரங்களை மூன்று முறை வெட்டியும், மூன்று முறையும் அவை அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்துவிட்டன. இனி அவற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடி நெருக்கமாக அதையே நடுவதா, பாதியைக் கழித்துப் பழைய காட்டுச் செடிகளுக்கு இடம் விடுவதா என்று துறை கேட்டிருந்தது. பதில் வரைபடம் சொல்ல வேண்டும். கீழே ஐந்து ஊர்களில் போர்வெல்கள்.

எண்களை உள்ளிட்டார். மலை நீலமாக வந்தது. மரம் நான்கு வயதான கோடையிலும் ஓடை முன்போலவே ஓடியிருக்கிறது, மரத்தால் பாதிப்பில்லை என்றது கணக்கு.

அருள்குமாருக்கு நம்பிக்கை வரவில்லை. 1999 ஏப்ரல் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். பதினெட்டாம் தேதி: 4.8. இந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பழைய நோட்டுகளைப் புரட்டினார். 1997 ஏப்ரல் பதினெட்டு. 4.3 என்று தப்பாக எழுதி, அடித்து, மேலே 4.8 என்று போட்டிருந்தது அவர் கை. முந்தின நாள் ஒரு கோடை மழை. அந்த எண்தான் இரண்டு வருடம் கழித்து, மழையே இல்லாத ஒரு நாளில், பிரமிளாவின் கையெழுத்தில் இருந்தது.

இரண்டு நோட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஏப்ரல் ஒன்றிலிருந்து மே முப்பத்தொன்று வரை, அறுபத்தோரு நாள். ஒரு எண் மாறவில்லை. ஸ்டேஷனை மூடாமலிருக்க, தண்ணீர் இருந்த ஒரு கோடையை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாள். ஒற்றைப்படையும் இரட்டைப்படையுமாக இருவரும் ஏறி இறங்கிய கோடை.

குறிப்புக் கட்டத்தை அப்புறம்தான் பார்த்தார். பழைய நோட்டுகளில் சீதாப்பழமும் கரடியும் இருந்த இடத்தில், ஒவ்வொரு நாளுக்கும் நேராக ஒரே சொல்.

இல்லை.

சில நாள், இன்றும் இல்லை.

6

அலுவலகத் தலைவர் ஹரிபாபு தெலுங்குக்காரர். அருள்குமார் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், அந்த வேலை தன்னுடையதாக இருந்தது என்பது உட்பட.

"எண்கள் பொய். குறிப்பில் இருப்பதுதான் நிஜம் சார். ஓடை வற்றிவிட்டது."

ஹரிபாபு நோட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது வெறும் சுழிகள். "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"இல்லை என்று."

"லேதா? லேடா?" என்றார் ஹரிபாபு.

அருள்குமார் நோட்டை வாங்கி மறுபடி பார்த்தார்.

தெலுங்கு தெரியாதவர்களுக்காக இங்கே நிற்கிறேன். தண்ணீர் இல்லை என்றால் தெலுங்கில் லேது. ஆண் ஒருவன் இல்லை என்றால் லேடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே இல்லைதான். நோட்டில் எழுவாய் இல்லை. தண்ணீர் இல்லை என்றால் அது அளவு, பூஜ்யம் என்று கணக்கில் சேரும். மற்றது என்றால் அந்தக் கோடைக்கு ஆதாரமே கிடையாது, மலை நீலமாகவே நிற்கும், அதே மரம் திரும்ப நெருக்கமாக ஏறும்.

ஹரிபாபு கெட்டவர் அல்ல. "வெளியாள் ஒருவரிடம் மொழிபெயர்ப்பு வாங்கு. எழுதியவரிடம் கையெழுத்து வாங்கு. அப்புறம் பேசலாம்" என்றார். வெளியாள் நான். நானும் ஹரிபாபு கேட்டதையே கேட்டேன்.

"எழுதினவங்களத்தான் கேக்கணும் சார்" என்றார் அருள்குமார். அப்புறம் நான்கு வாரம் அவர் போகவில்லை.

7

பிரமிளாவைத் தனிமையில் இருக்கும் பெண்ணாக எழுதத்தான் முதலில் ஆசைப்பட்டேன். கதை சுலபமாக நகரும். ஆனால் அவருக்குக் கணவர் இருக்கிறார், சிட்டிபாபு. நல்ல மனிதர். அருள்குமார் அங்கே போன அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் வீட்டில் இருந்தார். மாந்தோப்பில் நாற்காலி போட்டதும் அவர்தான்.

"இவருதானா அந்த ரெட்டப்பட தேதி ஆளு?" என்று மனைவியைக் கேட்டார். "கல்யாணமான புதுசுல அந்த ஸ்டேஷன் கதைய எத்தினி வாட்டி சொல்லியிருக்குது தெரியுமா சார்."

பிரமிளா கை துடைத்துக்கொண்டு வந்தார். சீசனில் சித்தூர் மாம்பழக்கூழ் பாக்டரியில் பழம் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி, மற்ற நாளில் தோப்பு. கண்ணாடி போட்டிருந்தார்.

"வாங்க. எளச்சிட்டீங்க."

"நீங்க அப்படியேதான் இருக்கீங்க."

"பொய் சொல்லாதீங்க. ரெண்டு சுத்து பெருத்துட்டேன்."

அருள்குமார் லேப்டாப்பைத் திறந்து மலையைக் காட்டினார். பிரமிளா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க மலையா? இன்னா இம்மாம் நீலமா கீது? எங்க போர் எழுநூறு அடிக்குப் போய்க்கினு இருக்குது."

"உங்க கணக்குப்படி அப்படித்தான் வருது. அந்தக் கடைசிக் கோடை."

பிரமிளா கணவரைப் பார்த்தார். சிட்டிபாபு, "சொல்லு, எனக்குத் தெரிஞ்சதுதானே" என்றார்.

"தொண்ணூத்தேழ எடுத்து அப்டியே எழுதிட்டேன்" என்றார் பிரமிளா. "மூட உடாதன்னு சொல்லிட்டுப் போனியே. பங்குனியிலேயே ஓட நின்னுபோச்சு. இன்னா பண்றது? நம்பரு அவங்களுக்கு. குறிப்பு..." நிறுத்தினார். "நீ வந்தா படிப்பன்னு எழுதினேன்."

எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை. சிட்டிபாபு கவனித்திருக்கலாம். தூரத்தில் மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்தது. "கரென்ட்டு வந்துட்ச்சு, தண்ணி மாத்தி உடணும்" என்று எழுந்து போனார். வேண்டுமென்றே போனாரா என்பது எனக்குத் தெரியாது. கரென்ட் வந்தது நிஜம்.

அருள்குமார் நோட்டின் நகலையும் பேனாவையும் நீட்டினார். "தண்ணி இல்லன்னு எழுதின நாளுக்கெல்லாம் டிக் போட்டு, கீழ கையெழுத்துப் போட்டா போதும். எல்லா நாளும்தானே?"

பிரமிளா பேனாவை வாங்கிக்கொண்டார். ஏப்ரல் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, யோசித்து, டிக் போட்டார். ஒன்பதாம் தேதியில் விரல் நின்றது. டிக் போடாமல் பத்துக்குப் போனது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று விட்டுப்போயின. மேயில் மூன்று நாள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய நாட்களை அவர் அப்படிப் பிரித்துப் பார்த்ததைப் பார்க்க, கூடையிலிருந்து பழம் பொறுக்குவது போலவே இருந்ததாம்.

ஐம்பத்தைந்து டிக்.

"இந்த ஆறு?"

"அந்த ஆறு நாளும் தண்ணி இருந்துச்சு. மேல எங்கியோ மழ பேஞ்சிருக்கும்."

"எத்தன சென்டிமீட்டர்?"

"பாக்கல."

"அப்புறம் எப்டி தண்ணி இருந்துச்சுன்னு..."

"சத்தம் கேட்டுச்சு. நான் கீழ எறங்கல. ஏத்தத்துல உக்காந்துகினு பாதையப் பாத்துகினு இருந்தேன். வெயில் ஏறினப்புறம் எழுதிட்டு வந்துட்டேன்."

கையெழுத்துப் போட்டார். எழுத்து மாறவேயில்லை என்று அருள்குமாருக்குத் தோன்றியது.

"நான் வந்திருக்கணும்" என்றார்.

"ம்" என்றார் பிரமிளா. பிறகு, "இப்ப வந்ததும் நல்லதுதான். மல நீலமா இல்லாம மாறிடுமில்ல?"

"மாறும்."

"அப்ப மாத்து. மோர் எடுத்துகினு வரேன், குடிச்சிட்டுப் போங்க."

மறுபடி 'ங்க' வந்துவிட்டிருந்தது.

8

என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து பூஜ்யங்கள் போதுமானவையாக இருந்தன. மலையின் மேற்குச் சரிவு பழுப்பாயிற்று. மழைக்கு முன்னால் அந்தச் சரிவில் மட்டும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மரம் கழிக்க அனுமதி வந்து, கழித்தார்கள். ஓடை கோடையில் ஓடுகிறதா என்று தெரிய இரண்டு வருடமாவது அளக்க வேண்டும். இப்போது அளப்பது ஒரு கருவி. அதில் குறிப்புக் கட்டம் இல்லை. எழுதிய எண்களுக்காகப் பிரமிளாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய நோட்டில் உண்மையை எழுதி வைத்தவர் என்று அறிக்கையில் ஒரு வரி நன்றி மட்டும் உண்டு.

முடிவுக்கு நான் எழுதிப் பார்த்தவை:

(அ) கோடையில் ஓடை ஓடுகிறது. இருவரும் ஸ்டேஷன் சுவரருகே— இல்லை. இரண்டு வருடம் ஆகவில்லை. இல்லாத தண்ணீரை எழுதினால் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, நானே அதைச் செய்ய முடியாது.

(ஆ) அருள்குமார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். சொன்னாராம். "மோர் மட்டுந்தான் குடுத்தாங்களா, சாப்பிடச் சொல்லலியா?" என்று கேட்டாராம் அவர் மனைவி. இது நடந்தது. ஆனால் முடிவு இல்லை.

என் வேலை மிச்சமிருந்தது. டிக் போட்ட வரிகளுக்கு நேராக லேது, லேது என்று ஐம்பத்தைந்து முறை எழுதினேன். அந்த ஆறு வரிகளில் கை ஓடவில்லை. லேடு என்று எழுதினால் அது அரசாங்கக் காகிதத்தில் ஏறும். சிட்டிபாபு தெலுங்கு படிப்பார். லேது என்று எழுதினால் அது பொய். அருள்குமாரைக் கேட்டேன். அவர் தன் அட்டவணையில் அந்த ஆறு நாட்களுக்கு நேராகத் 'தரவு கிடைக்கவில்லை' என்று போட்டுவிட்டதாகச் சொன்னார். அது வரைபடத்துக்கு. மொழிபெயர்ப்புக்கு என்ன என்று மறுபடி கேட்டேன். அதை என்னிடமே விட்டுவிட்டார்.

அந்த ஆறு வரிகளையும் தமிழ் எழுத்திலேயே விட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஹரிபாபு கூப்பிட்டார். இவை ஏன் பெயர்க்கப்படவில்லை?

"தெலுங்கில் சொல்ல வரவில்லை சார்."

அவர் தெலுங்கில் "சரே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆறு வரிகள் அப்படியே இருக்கின்றன. ஏப்ரல் ஒன்பது, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, மே நான்கு, பதினொன்று, முப்பது. தெலுங்கு தெரிந்தவர்கள் உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்கள் தமிழிலேயே படியுங்கள். மேலே ஏற்றத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, அவள் பாதையைப் பார்த்துக்கொண்டே நோட்டை எடுத்து எழுதுகிறாள்.

இல்லை.